ஒரே ராத்திரி பனி.. ஒரு வருஷ உழைப்பு காலி! குளிர் பிரதேச ரெட் ஒயினுக்கு ஏன் இவ்வளவு விலை?

2021 ஏப்ரல் முதல் வாரம். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் நள்ளிரவு தாண்டியும் திராட்சை விவசாயிகள் யாரும் தூங்கவில்லை. தோட்டங்களில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான தீபங்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்த போட்டோக்களைப் பார்த்தால் நம்ம ஊர் கார்த்திகை தீபம் மாதிரியே இருக்கும். ஆனா அது திருவிழா இல்லை. துளிர்விட்டு சில நாட்களே ஆன கொடிகளை உறைபனியில் இருந்து காப்பாற்ற நடந்த போராட்டம்.

நடந்தது இதுதான். அந்த மார்ச் கடைசியில் வழக்கத்துக்கு மாறாக நல்ல வெயில். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று கொடிகள் துளிர்த்துவிட்டன. அடுத்த வாரமே வெப்பநிலை ஜீரோவுக்குக் கீழே போனது. குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் கொடி மைனஸ் 15 டிகிரியைக்கூட தாங்கும். பச்சைத் துளிர் மைனஸ் 2 டிகிரிக்கே கருகிப் போகும். சில இரவுகளுக்குள் பலருக்கு அந்த ஆண்டின் விளைச்சலே போய்விட்டது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் அந்தக் குளிரிலேயே போய் திராட்சை போடுகிறார்கள்? அங்கே விளையும் ரெட் ஒயினுக்கு ஏன் லட்சக்கணக்கில் விலை? அந்த விலை உண்மையிலேயே தரத்துக்கான விலைதானா? விரிவாகப் பார்க்கலாம்.

குளிர் பிரதேசம்னா எவ்வளவு குளிர்?

பனிமலை உச்சியை எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒயின் உலகத்தில் 'குளிர் பிரதேசம்' என்றால், திராட்சை தட்டுத்தடுமாறிப் பழுக்கும் அளவுக்கு மட்டுமே வெப்பம் கிடைக்கிற இடம்.

இதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் விங்க்லர், மேனார்ட் அமெரைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1944-இல் வெளியிட்டது. திராட்சைக் கொடி 10 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வளரும். அதனால் ஒரு நாளின் சராசரி வெப்பநிலையில் 10-ஐக் கழித்துவிட வேண்டும். சராசரி 18 டிகிரி என்றால் அந்த நாளுக்கு 8 பாயின்ட். இப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதங்களுக்கும் கூட்டினால் வரும் எண்தான் அந்த ஊரின் வெப்பக் கணக்கு. சுமார் 1,390-க்குள் வந்தால் அது முதல் பிரிவு, அதாவது குளிர் பிரதேசம். பர்கண்டி காலங்காலமாக இந்தப் பிரிவில்தான் இருந்து வந்திருக்கிறது.

சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு சென்னையைப் போட்டுப் பாருங்கள். சராசரி 30 டிகிரி என்று வைத்தால் ஒரு நாளுக்கு 20 பாயின்ட். ஏழு மாதத்தில் 4,000-ஐத் தாண்டிவிடும்!

பர்கண்டி தவிர பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கு, ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு, நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கு ஆகியவை இந்த வகையில் பேசப்படும் முக்கியமான இடங்கள். லுவார் தவிர மற்ற இடங்களில் எல்லாம் ஹீரோ ஒருவர்தான்: பினோ நுவார் என்ற சிவப்பு திராட்சை.

மெதுவா பழுத்தா என்ன கிடைக்கும்?

திராட்சை பழுக்கும்போது ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். சர்க்கரை ஏறும். புளிப்பு இறங்கும். தோலில் நிறமும் வாசனையும் துவர்ப்பும் சேரும். வெயில் கொளுத்தும் ஊரில் சர்க்கரை மட்டும் வேகமாக ஓடிவிடும். வாசனை முழுசாகச் சேரும் வரை காத்திருந்தால் சர்க்கரை எகிறிவிடும், புளிப்பு காணாமல் போய்விடும். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது என்பதால், சூடான ஊர் ரெட் ஒயின்களில் 14, 15 சதவீத ஆல்கஹால் சர்வசாதாரணம்.

குளிர் ஊரில் இந்த ஓட்டம் நிதானமாக நடக்கும். குறிப்பாக இரவுக் குளிர் புளிப்பைக் கரைய விடாது. சர்க்கரை மெதுவாக ஏறுவதற்குள் வாசனையும் சேர்ந்துவிடும். மலையில் மெதுவாக வளரும் டீ இலைக்கும் சமவெளி டீ இலைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இதுவும். இந்த ஒயின்களில் ஆல்கஹால் பெரும்பாலும் 12, 13 சதவீதம். வாயில் கனமாக நிற்காது. செர்ரி, ராஸ்பெர்ரி மாதிரியான புளிப்புப் பழ வாசனை வரும்.

இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். திராட்சைச் சாறுக்கு நிறமே கிடையாது, ரெட் ஒயினின் சிவப்பு முழுக்க தோலில் இருந்து வருவது. பினோ நுவாருக்குத் தோல் மெல்லியது. அதனால் கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும் அளவுக்கு நிறம் வெளிறி இருக்கும். 'தண்ணி கலந்துட்டாங்க' என்று நினைக்க வேண்டியதில்லை. கருஞ்சிவப்பாக இருந்தால்தான் நல்ல ரெட் ஒயின் என்பது தப்புக் கணக்கு.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்பது. திராட்சை பூஞ்சையை எதிர்த்துப் போராட உருவாக்கும் ரெஸ்வெராட்ரால் என்ற பொருளைக் காட்டித்தான் இந்தப் பேச்சு வளர்ந்தது. ஒரு கிளாஸில் இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் மது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

ஒயினில் மிளகு வாசனையா?

ஆமாம், அதுவும் நிஜ மிளகு வாசனை. ஷிராஸ் என்ற திராட்சையை ஆஸ்திரேலியாவின் சூடான பரோசா பள்ளத்தாக்கில் போட்டால் ஜாம் மாதிரி இனிப்பு வாசனையோடு ஒயின் வரும். அதே திராட்சையை அதே நாட்டில் விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ச்சியான இடத்தில் போட்டால், நுணுக்கிய மிளகு வாசனை அடிக்கும்.

இதற்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2008-இல் கண்டுபிடித்தார்கள். நம் ரசத்தில் போடும் மிளகின் வாசனைக்கும் இதே பொருள்தான் காரணம்! ஒரு லிட்டர் ரெட் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம் என்றால் எவ்வளவு சின்ன அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு எவ்வளவு அதிகமாகக் கலந்தாலும் அந்த வாசனை தெரியவே இல்லை. ஒரே பாட்டிலைக் குடித்த இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் இரண்டு பேருமே உண்மையைச் சொல்லலாம்.

குளிர் இருந்தாலே தரம் வந்துடுமா?

வராது. 'குளிர் பிரதேச ஒயின்' என்று லேபிளில் போட்டாலே உசத்தி என்று விற்பனையாளர்கள் பேசுவார்கள். பாதி உண்மைதான் அது.

குளிர் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் திராட்சை பழுக்கவே பழுக்காது. கேபர்னே சாவிஞோன் மாதிரியான தாமதமாகப் பழுக்கும் வகைகளில் பச்சைக் குடைமிளகாய் வாசனை அப்படியே தங்கிவிடும். குடைமிளகாயில் இருக்கும் பைரசின் என்ற அதே வகைப் பொருள்தான் காரணம். வெயிலும் சூடும் பட்டால்தான் அது குறையும். பர்கண்டியிலேயே மழையும் குளிரும் சேர்ந்து வந்த வருடங்களில் மெலிந்த, புளித்த ஒயின்தான் வந்தது.

அதைச் சமாளிக்க அங்கே பழைய வழி ஒன்று இருக்கிறது. நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரையைக் கொட்டுவது! நெப்போலியனிடம் அமைச்சராக இருந்த வேதியியல் அறிஞர் ஷப்டால் இதை ஊக்குவித்ததால் அவர் பெயராலேயே 'ஷப்டலைசேஷன்' என்று அழைக்கிறார்கள். இனிப்புக்காக அல்ல, ஆல்கஹாலைக் கூட்டுவதற்காக. சட்டப்படி அளவு வைத்து அனுமதித்ததுதான், கலப்படம் இல்லை. ஆனா விலையுயர்ந்த ஒயினிலும் இது நடந்திருக்கிறது என்பதைப் பலர் வெளியே பேச மாட்டார்கள்.

அதனால்தான் குளிர் ஊர் ஒயினில் பாட்டில் மேல் இருக்கும் வருடம் முக்கியம். வெயில் நிச்சயம் உள்ள ஊரில் 2019-க்கும் 2021-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. குளிர் ஊரில் அது வேறு ஒயின்.

அப்போ ஒரு பாட்டில் 4 கோடி எதுக்கு?

2018 அக்டோபர். நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1945-ஆம் ஆண்டு ரொமானே கோன்டி ஒயின் பாட்டில் ஒன்று 5 லட்சத்து 58 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய். ஏலத்துக்கு முன் எதிர்பார்த்த விலையோ 32 ஆயிரம் டாலர்தான்!

ரொமானே கோன்டி தோட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் நாலரை ஏக்கர். அவ்வளவுதான். 1945-இல் அங்கே தயாரானது 600 பாட்டில்கள். அதற்குப் பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். அந்த 600-இல் பெரும்பாலானவற்றை எப்போதோ குடித்து முடித்திருப்பார்கள். இன்னொரு பாட்டில் எங்கே என்று உலகமே தேடும்போது விலை எங்கே போய் நிற்கும்?

பர்கண்டியில் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பெயரும் தரமும் கொடுத்திருக்கிறார்கள். இப்படி 1,247 துண்டுகள். 2015-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாகவே அறிவித்தது. இதில் உச்சத் தரமான 'கிராண்ட் க்ரூ' நிலங்களில் இருந்து வருவது பர்கண்டியின் மொத்த ஒயினில் 1 முதல் 2 சதவீதம்தான். சொத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு என்று நெப்போலியன் காலத்தில் வந்த சட்டம், அந்தத் துண்டுகளையும் மேலும் துண்டாக்கிவிட்டது. க்ளோ து வூஜோ என்ற சுமார் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று கிட்டத்தட்ட 80 முதலாளிகள்!

இப்போது பணக்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். லூயி விட்டோன் குழுமம் 2014-இல் ஒரு தோட்டத்தை வாங்கியது. குச்சி பிராண்டின் பின்னால் இருக்கும் பினோ குடும்பம் 2017-இல் இன்னொன்றை வாங்கியது. ஒரு ஹெக்டேர் பல மில்லியன் யூரோ என்று ஆனபின், தாத்தா காலத்துத் தோட்டத்தை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதுவே சுமை. அப்பா இறந்தால் பிள்ளைகள் கட்ட வேண்டிய வாரிசு வரி அந்த நிலத்தின் சந்தை மதிப்பில்தான் கணக்காகும். ஒயின் விற்று அந்தப் பணத்தைப் புரட்ட முடியாமல் நிலத்தையே விற்கும் நிலைமை வருகிறது.

ஆக, 4 கோடி ரூபாயில் குளிருக்கும் ருசிக்கும் உள்ள பங்கு சொற்பம். மீதி எல்லாம் நிலத்துக்கும் பெயருக்கும்தான்.

கோடீஸ்வரர்களை ஏமாற்றிய சமையலறை

இதற்கு ஒரு வழக்கே சாட்சி. ரூடி குர்னியவான். இந்தோனேசியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். அரிய பர்கண்டி ஒயின்களை வாங்கி விற்பதில் மன்னன் என்று பெயர் வாங்கி, 'டாக்டர் கோன்டி' என்ற பட்டப்பெயரோடு வலம் வந்தார்.

2008 ஏப்ரலில் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு அவர் கொடுத்த பாட்டில்களில் சிக்கல் வந்தது. 'க்ளோ சான் தெனி' தோட்டத்தில் பொன்சோ குடும்பம் தயாரித்தது, 1945 முதல் 1971 வரையிலான ஒயின்கள் என்று லேபிள் சொன்னது. ஆனா பொன்சோ குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான்! அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்சோ பிரான்ஸில் இருந்து நேரில் கிளம்பி வந்து பாட்டில்களை ஏலத்தில் இருந்து விலக்க வைத்தார்.

2012-இல் எஃப்பிஐ குர்னியவானைக் கைது செய்தது. கலிபோர்னியாவில் உள்ள அவர் வீட்டில் ஆயிரக்கணக்கான போலி லேபிள்கள், தக்கைகள், காலி பாட்டில்கள் கிடந்தன. விலை குறைந்த ஒயின்களைக் கலந்து அவரே 'பழைய பர்கண்டி' தயாரித்து வந்தது தெரிந்தது. 2014-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வருடக்கணக்கில் அதை வாங்கிக் குடித்துப் பாராட்டியவர்கள், உலகின் பெரிய ஒயின் சேகரிப்பாளர்கள்!

காசுக்கேத்த ஒயின் எங்கே கிடைக்குது?

பர்கண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1395-இல் பர்கண்டியை ஆண்ட பிலிப் கோமகனுக்கு 'கமே' என்ற திராட்சையைக் கண்டாலே ஆகாது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு பினோ நுவார் மட்டும் போடுங்கள் என்று உத்தரவு போட்டார். வடக்கே விரட்டப்பட்ட கமே, தெற்கே போஜொலே மலைச்சரிவுகளின் கருங்கல் மண்ணில் வேரூன்றியது. இன்று அங்கே மோர்கோன், ஃப்ளூரி உள்ளிட்ட 10 ஊர்களின் ஒயின்களுக்குத் தனி மரியாதை. 15, 20 யூரோவுக்கே பத்து வருடம் வைத்துக் குடிக்கக்கூடிய பாட்டில் கிடைக்கும். கோமகனின் கோபத்தால் லாபம் நமக்குத்தான் என்று ஒயின் ரசிகர்கள் சிரிப்பார்கள்.

லுவார் பள்ளத்தாக்கின் ஷினோன், பூர்கேய் ஊர்களில் கேபர்னே ஃபிராங்க் என்ற திராட்சை. நல்ல வருடத்தில் ராஸ்பெர்ரி வாசனையோடு ஒரு துளி குடைமிளகாயும் எட்டிப் பார்க்கும். இங்கே அது குறை இல்லை, கையெழுத்து. விலையும் போஜொலே அளவில்தான்.

ஜெர்மனியையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒயிட் ஒயின் நாடு என்றே பெயர் வாங்கினாலும், பிரான்ஸ், அமெரிக்காவுக்கு அடுத்து உலகில் பினோ நுவார் அதிகம் விளைவது அங்கேதான். ஜெர்மன் மொழியில் அதற்கு ஷ்பேட்பர்குண்டர் என்று வாயில் நுழையாத பெயர். அந்தப் பெயரே விலையைக் குறைத்து வைத்திருக்கிறது என்றுகூட சொல்லலாம்! வடக்கே, பூமத்திய ரேகையில் இருந்து 50 டிகிரிக்கும் மேல் இருக்கும் ஆர் பள்ளத்தாக்கில் செங்குத்தான சரிவுகள். பகல் வெயிலை அங்குள்ள கரும்பலகைக் கற்கள் உறிஞ்சி வைத்து, இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் 2021 ஜூலையில் பெரு வெள்ளம் வந்தது. 130-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒயின் கிடங்குகள் சேற்றில் மூழ்கின. தப்பிய பாட்டில்களைக் கழுவாமல், சேறு பூசிய நிலையிலேயே 'வெள்ள ஒயின்' என்று விற்று மறுவாழ்வு நிதி திரட்டினார்கள். அங்கே சேறும் லேபிள் ஆனது.

வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இந்த வகை ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பியக் கல்வீட்டின் ரூம்! 14 முதல் 16 டிகிரிதான் சரி. நம்ம ஊர் 32 டிகிரி ரூமில் வைத்தால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் முன்னால் வரும்.

குளிரே குறைஞ்சா என்ன ஆகும்?

பர்கண்டியின் போன் நகரத்தில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை 1354 முதல் 2018 வரை ஆய்வாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 660 வருட ரெக்கார்ட்! 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28-இல் அறுவடை தொடங்கியது. 1988-க்குப் பிறகு அது 13 நாள் முன்னால் வந்துவிட்டது. ஐரோப்பாவை வாட்டிய 2003 வெயிலில் ஆகஸ்ட்டிலேயே கத்தரியைக் கையில் எடுத்தார்கள்.

இதனால் முதலில் லாபம்தான். பழுக்காத வருடங்கள் குறைந்தன. சர்க்கரை கொட்டும் வேலையும் குறைந்தது. ஜெர்மனியின் ரெட் ஒயின் இவ்வளவு உயர்ந்ததற்கும் இது ஒரு காரணம். ஆனா வெப்பம் ஏறிக்கொண்டே போனால் பினோ நுவாரின் அந்த மெல்லிய புளிப்பும் வாசனையும் நிற்காது. ஆஸ்திரேலியாவின் பிரவுன் பிரதர்ஸ் நிறுவனம் 2010-லேயே தெற்கே டாஸ்மேனியாவில் தோட்டங்களை வாங்கிப் போட்டுவிட்டது. பர்கண்டிக்காரரால் அப்படி நகர முடியாது. பெயரும் விலையும் அந்த மண்ணோடு கட்டிப்போட்டது.

சூடு கூடினால் உறைபனித் தொல்லையாவது தீரும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. குளிர்காலம் சீக்கிரம் முடிவதால் கொடி சீக்கிரம் துளிர்க்கிறது, ஏப்ரல் பனியில் மாட்டிக்கொள்கிறது. 2021-இல் நடந்தது போன்ற பாதிப்புக்கான வாய்ப்பு பருவநிலை மாற்றத்தால் சுமார் 60 சதவீதம் கூடியிருப்பதாக வேர்ல்ட் வெதர் அட்ரிப்யூஷன் ஆய்வுக் குழு கணக்கிட்டது.

தீபம் ஏற்றுவது எல்லோராலும் முடியாது. ஒரு ஹெக்டேருக்கு 300, 400 மெழுகு டின்கள் வேண்டும், அவை ஓர் இரவு எரிந்தாலே பெரிய செலவு. வடக்கே ஷாப்லி பகுதியில் கொடி மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், ஐஸ் கூட்டுக்குள் துளிரைக் காப்பாற்றும். நியூசிலாந்தில் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு, மேலே நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளுகிறார்கள்.

கையில் காசு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குளிர்காலத்தில் முடிக்க வேண்டிய கவாத்தை மார்ச் கடைசி வரை தள்ளிப்போடுவது. வெட்டுவது தாமதமானால் துளிரும் ஒரு வாரம், பத்து நாள் தாமதமாக வரும். ஆனா எல்லாக் கொடியையும் கடைசி இரண்டு வாரத்தில் வெட்டி முடிக்க ஆள் கிடைக்க வேண்டும்.